எட்டுக்கு ஒன்பது

கொட்டச்சேடு,
2 ஜூன் 2025

சுஜாதாவுக்கு,

நீ என்று எழுதுவதா, நீங்கள் என்று எழுதுவதா என்றே கால் மணி நேரம் யோசித்துவிட்டேன். எட்டு வருடம் பேசாமல் இருந்தவர்களுக்கு எது பொருந்தும் என்று தெரியவில்லை. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரே அறையில் தூங்கி, ஒருத்தி சாக்ஸை இன்னொருத்தி போட்டுக்கொண்டு டென்னிஸ் ஆடியிருக்கிறோம். அதனால் நீ என்றே எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் திருத்திப் படித்துக்கொள்.

போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். என் எண்ணை நீ இன்னும் பிளாக்கில்தான் வைத்திருக்கிறாய். சேலத்துக்கும் எனக்கும் நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுதான். பஸ் ஏறி வந்து உன் வாசலில் நிற்கலாம். நீ வாசலோடு அனுப்பிவிட்டால் மறுபடி அந்த இருபது வளைவையும் ஏறி வர எனக்குத் தெம்பில்லை. எனவே தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்தை விட்டு வந்த பிறகு, அப்பா வேலை பார்த்த அதே நாகலூர் எஸ்டேட்டில் நானும் ரைட்டராகச் சேர்ந்தேன். காலை ஆறரைக்கு ஆட்கள் பேரைக் கூப்பிடுவேன். யார் மிளகுக்கொடி கட்டப் போவது, யார் நிழல் மரம் கவாத்துக்குப் போவது என்று பிரித்து அனுப்புவேன். பிறகு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். அந்த எஸ்டேட்டை இப்போது விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் காட்டேஜ் கட்டப்போகிறார்களாம். ஜூலை கடைசியோடு ஆபீஸ் மூடல்.

ஏற்காடு மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். போனேன். தாளாளர் ஸ்தனிஸ்லாஸ் ஃபாதர். நம்முடைய பழைய தரவரிசையை அச்செடுத்து எடுத்துப்போயிருந்தேன். இரட்டையரில் உலக அளவில் இருநூற்றுப் பன்னிரண்டு. அவர் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, “நொம்ப நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இதுக்கு என்னங்க பதில்?” என்று மேஜையிலிருந்து ஒரு பேப்பர் கட்டிங்கை எடுத்து வைத்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நீ கொடுத்த பேட்டி. “அன்றைக்கு நாங்கள் தோற்கவில்லை. என் ஜோடி விட்டுக்கொடுத்தாள்.” அந்த வரிக்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

ஃபாதர் கோபமாகச் சொல்லவில்லை. “ஆட்டத்த வேணும்னே விட்டவங்கன்னு பேரு இருக்கறவங்கள, புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க எப்படிங்க வெக்கறது? இதச் சொன்னவங்ககிட்டயே ஒரு கடுதாசி வாங்கியாந்துருங்க. அப்பறம் எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க” என்றார். நம் கோச் கோவிந்தராஜ் சார் உயிரோடு இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன். நம் இருவரையும் பத்து வயதிலிருந்து ஆட்டிவைத்தவர் அவர்தான். இப்போது நீ ஒருத்திதான் மிச்சம்.

ஜூலை பத்தாம் தேதி நேர்முகம். என் நடத்தை பற்றி உனக்குத் தெரிந்ததை எழுதித் தர முடியுமா? புகழ வேண்டாம். திருடவில்லை, ஊக்கமருந்து சாப்பிடவில்லை, நேரத்துக்கு எழுந்திருப்பேன், இவ்வளவு போதும்.

தேவகுமாரி


சேலம்,
9 ஜூன் 2025

தேவா,

நீ என்றே எழுது. மரியாதையில் ஒன்றும் குறைந்துவிடாது. அது குறைந்து நாளாகிறது.

இங்கே கிளப்பில் என்னிடம் பதினாறு பிள்ளைகள் பழகுகிறார்கள். செம்மண் தளத்துக்கு வரும் பிள்ளைக்கு முதல் நாள் நான் ராக்கெட் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. பந்து விழுந்தால் மண்ணில் தடம் இருக்கும், சந்தேகம் என்றால் நடுவரைக் கூப்பிட்டுத் தடத்தைக் காட்டு, அவர் வந்து பார்க்கும்வரை பக்கத்தில் காலைக் கொண்டுபோகாதே என்று சொல்கிறேன். நீயே அழித்துவிட்டால், பந்து உள்ளேதான் விழுந்தது என்று நீயே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு கேள்வி கிடையாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது ஒரே நாளில் புரிகிறது. துருக்கியில், அந்தலியாவில் அன்று உனக்கு முப்பது வயது.

நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், எனக்காக. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடும் டைபிரேக், முதலில் பத்துப் பாயிண்ட் எடுத்தவர்களுக்கு ஆட்டம். எட்டுக்கு ஒன்பது. அவர்களுக்கு மேட்ச் பாயிண்ட். அந்த உயரமான பெண் தூக்கிப் போட்ட லாப் என் தலைக்கு மேல் போய், உன் பக்கம் பேஸ்லைன் ஓரத்தில் விழுந்தது. நான் வலையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். வெளியே. நடுவர் உள்ளே என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். தடத்தைப் பாருங்கள் என்று கத்தினேன். அவர் நாற்காலியை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். பாதி தூரம்கூட வரவில்லை. நீ இடது காலால் தேய்த்துவிட்டாய்.

அந்த வாரம் ஜெயித்திருந்தால் இந்திய அணித் தேர்வில் நம் பெயர் இருந்திருக்கும். பட்டியல் வந்த அன்று அதை நான் மூன்று முறை மேலிருந்து கீழே படித்தேன். கோவிந்தராஜ் சார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, “ஏம்மா, அந்தப் புள்ள எதுக்கும்மா அப்படிப் பண்ணுச்சு?” என்று என்னைத்தான் கேட்டார். உன்னைக் கேட்கவில்லை. உனக்கு வலிக்கும் என்று நினைத்தாராம். எனக்கு வலிக்காதா?

சான்று தருகிறேன். நல்லதாகவே தருகிறேன், உன் நடத்தையில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை, அந்த ஒரு நிமிடத்தைத் தவிர. அதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதிக் கொடு: “பந்து வெளியே விழுந்தது. தெரிந்தே தடத்தை அழித்தேன்.” கையெழுத்தும் தேதியும் போடு. உன் ஃபாதருக்கோ வேறு யாருக்கோ காட்ட மாட்டேன். பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் கிடக்கும். அந்த வரி கைக்கு வந்த அன்றே சான்று தபாலில் சேரும்.

சுஜாதா


கொட்டச்சேடு,
15 ஜூன் 2025

சுஜாதாவுக்கு,

பந்து கோட்டில் பட்டது. அன்றைக்குத் தளத்தில் நின்று சொன்னேன், ஏர்போர்ட்டில் சொன்னேன், உன் அம்மாவிடம் போனில் சொன்னேன். இன்றைக்கும் அதுதான். வேலை வேண்டும் என்பதற்காக அதை மாற்றி எழுதினால் நாளைக்கு எந்த முகத்தோடு அந்தப் பிள்ளைகளிடம் கோட்டைக் காட்டுவேன்?

இன்னொன்றையும் நீ ஞாபகப்படுத்திக்கொள். பந்து உன் தலைக்கு மேல் போகும்போது “விடு!” என்று கத்தியது நீ. வலையில் நிற்பவள் சொன்னால் பின்னால் நிற்பவள் கேட்க வேண்டும். ஒன்பது வருடம் அப்படித்தான் ஆடினோம். நீ விடு என்றாய், நான் விட்டேன். விட்ட பந்து கோட்டில் விழுந்தால் அதற்கும் நானா பொறுப்பு?

அது வெளியே என்று வைத்துக்கொண்டாலும் நாம் ஜெயித்துவிடவில்லை. ஒன்பதுக்கு ஒன்பது ஆகியிருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பாயிண்ட் வேண்டும். நீ பேட்டியில் சொன்னதைப் படித்தவர்கள் ஏதோ கையில் கொடுத்த கோப்பையை நான் கீழே போட்டதாக நினைக்கிறார்கள். ஒண்டிக்கடையில் பன் வாங்கப் போனால்கூட ஒருவர் கேட்டார், “ஏனுங்க, அந்த மேட்ச்ச விட்டவங்க நீங்கதானுங்களா?” என்று. ஆமாங்க, பன் ஒரு பாக்கெட் என்றேன்.

நேற்று ஆட்கள் மழைக்கு ஒதுங்கி ஆபீஸ் வராந்தாவில் நின்றபோது ஆராயி என் காலைப் பார்த்தாள். இருபது வருடமாகக் காப்பி பறிக்கிறவள். “ஏங்கண்ணு, பந்தாடப் போறேன்னு ஊரு ஒலகமெல்லாம் சுத்துனயே. கடேசில என்னைய மாதிரியே நொண்டிக்கிட்டுத்தானே நிக்கற? இதுக்கு இங்கயே மூட்ட தூக்கியிருக்கலாமில்ல?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினெட்டு நாடு, எத்தனையோ ரயில், யார் யாரோ வீட்டுச் சோபா, அறையிலேயே நாமே நரம்பு பின்னிக்கொண்ட ராக்கெட்டுகள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆராயி கேட்டது சரிதான் என்று தோன்றுகிறது.

சான்று வேண்டாம். நேர்முகத்துக்குச் சும்மாவே போகிறேன். உனக்குத் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்.

தேவகுமாரி


சேலம்,
19 ஜூன் 2025

தேவா,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் வசந்திடம் காட்டினேன். “விட்டுத் தொலையேன், எட்டு வருசமாச்சு” என்றார். அவருக்கு டென்னிஸ் தெரியாது. அதனால்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். ஆனால் இதில் அவர் சொல்வதைக் கேட்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கோட்டில் பட்ட பந்தின் தடத்தை யாராவது அவசரப்பட்டு அழிப்பார்களா? கோட்டில்தான் பட்டது என்றால் நீ சும்மா நின்றிருந்தால் போதும். நடுவர் வந்து பார்த்து, விரலால் காட்டி, உள்ளே என்று சொல்லியிருப்பார். நானும் வாயை மூடிக்கொண்டு கை குலுக்கிவிட்டுப் போயிருப்பேன். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை நீ ஏன் எனக்குக் கொடுக்கவில்லை?

உனக்குப் பிறகு மூன்று பேரோடு ஆடிப் பார்த்தேன். நல்ல பெண்கள்தான். பந்து விழும்போதெல்லாம் அவர்கள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே மாதத்தில் விட்டுவிட்டேன். அந்தப் பேட்டியில் சொன்னது தப்பு என்று அடுத்த நாளே தெரிந்தது. ஆனால் சொல்லிவிட்டேன். பத்திரிகைக்காரர் ஏன் டென்னிஸை விட்டீர்கள் என்று கேட்டார், அந்தப் பதில்தான் வந்தது.

“விடு” சொன்னது நான்தான். இல்லையென்று சொல்லவில்லை. வெளியே போகும் பந்தை விடச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.

ஒரு வரி, தேவா. கையெழுத்துகூட வேண்டாம். உன் எழுத்து எனக்குத் தெரியும்.

சுஜாதா


கொட்டச்சேடு,
27 ஜூன் 2025

சுஜி,

எழுதினேன். உனக்கு வேண்டிய அந்த வரியை, நீ சொன்ன அதே வார்த்தைகளில். கையெழுத்தும் போட்டேன். ஆபீஸ் கவரில் வைத்து ஒட்டி, செவ்வாய்க்கிழமை காலை ஏற்காடு போய்த் தபால் பெட்டிக்கு முன்னால் நின்றேன். நல்ல மழை. குடைக்குள் நின்றுகொண்டு அந்தக் கவரைப் பாதி உள்ளே நுழைத்துவிட்டேன். பிறகு வெளியே இழுத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து அடுப்பில் போட்டேன். உனக்கு வேண்டியதைக் கொடுத்து எனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வது சுலபம்தான். அந்த வரி பொய்யாக இருந்திருந்தால் போட்டிருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். பொய்யா நிஜமா என்றே தெரியாததை எப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது?

நான் பார்க்கவில்லை, சுஜி.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆலயத்தில் பாவசங்கீர்த்தனத்தின்போதுகூடச் சொன்னதில்லை. இது பாவக் கணக்கில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

பந்து எனக்குப் பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. நீ கத்தினாய். நடுவர் இறங்குவது தெரிந்தது. நான் திரும்பி, கீழே பார்க்காமல், சத்தம் வந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் காலால் தேய்த்தேன். கண் நேராக உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே பார்த்திருந்தால் தடம் வெளியே இருந்திருக்கலாம். வெளியே இருந்தால் ஒன்பதுக்கு ஒன்பது. மறுபடியும் நான் சர்வ் வாங்க நிற்க வேண்டும். ஜெயித்தால் மறுநாள் இன்னொரு ஆட்டம், அதையும் ஜெயித்தால் முகாம், விமானம், இன்னும் ஒரு வருடம். அன்று காலை மணிக்கட்டில் டேப் சுற்றும்போது விரல் மரத்துப்போய் நான் டேப்பைப் பல்லால் கிழித்தது உனக்குத் தெரியாது. நீ அப்போது கீழே சாப்பிடப் போயிருந்தாய். முழங்காலுக்கு இரண்டு வாரமாக மாத்திரை. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ வேறு ஜோடி தேட வேண்டியிருக்கும். அதைச் செய்யவும் மாட்டாய், எனக்காக நீயும் ஆட்டத்தை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன்.

தோற்கலாம் என்று முடிவு செய்து ஆடவில்லை. அந்த எட்டுப் பாயிண்டையும் உயிரைக் கொடுத்துத்தான் எடுத்தேன். நீயும் பக்கத்தில் இருந்து பார்த்தாய். ஆனால் அந்தப் பந்து விழுந்ததும் உள்ளுக்குள் ஏதோ, சரி, போதும் என்றது. கால் முந்திக்கொண்டது. பிறகு நீ கேட்டபோது, கோட்டில் பட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் என்று ஆகிவிட்டது. போன கடிதத்தில்கூட எவ்வளவு வீம்பாக எழுதியிருக்கிறேன் பார். அதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

உள்ளே என்றால் உனக்கு ஆறுதல் இல்லை. வெளியே என்றால் எனக்கு மன்னிப்பு இல்லை. எது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான், நான் பார்க்கவில்லை. உன்னுடைய எட்டு வருடத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். கோபம் இருந்தால் அப்படியே வைத்துக்கொள், நியாயமானதுதான்.

சான்று பற்றி இனிமேல் பேச வேண்டாம்.

தேவா


சேலம்,
3 ஜூலை 2025

தேவா,

உன் கடிதம் வந்த அன்று பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு, கிளப்பில் தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். அவர்கள் எத்தனை சுற்று ஓடினார்கள் என்று தெரியாது. அழுதேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

வெளியே என்று நீ எழுதித் தரும் ஒரு வரியை நான் ஏன் இப்படிப் பிடிவாதமாகக் கேட்டேன் என்று நீ ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன்.

அந்த லாப் எனக்கு எட்டும் உயரத்தில்தான் வந்தது. நீ பின்னாலிருந்து பார்த்தாய், உனக்குத் தெரிந்திருக்காது. தலைக்கு மேல் வரும் பந்தை அடிப்பதுதான் என்னுடைய ஆட்டமே. கோவிந்தராஜ் சார் என்னை ஜோடியாக உன் பக்கத்தில் நிறுத்தியதே அதற்காகத்தான். ஓரடி பின்னால் எடுத்துவைத்து அடித்திருந்தால் பாயிண்ட் நமக்கு. கை தூக்கப் போனேன். தோள் வரவில்லை. அந்தப் போட்டிக்கு வரும் முன்பே டாக்டர் தசைநார் கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஊசி போட்டுக்கொண்டு வந்து ஆடினேன். உனக்குச் சொல்லவில்லை, நீ எனக்குச் சொல்லாத அதே காரணம்தான். தூக்கினால் அங்கேயே விழுந்து கத்திவிடுவேன் என்று பயந்து “விடு” என்றேன். பந்து வெளியே போகிறது என்று பார்த்துச் சொல்லவில்லை. எங்கே போகிறது என்றே எனக்குத் தெரியாது.

அது வெளியே விழுந்திருந்தால் நான் சொன்னது சரி. கோட்டில் விழுந்திருந்தால் ஆட்டத்தைத் தோற்கடித்தவள் நான். அதனால்தான் அது வெளியே விழுந்தே ஆக வேண்டும் என்று எட்டு வருடம் நின்றேன். நீ உண்மையை மறைக்கத் தடத்தை அழித்தாய் என்று எல்லோரிடமும் சொன்னேன். நீ அழித்ததால்தான் நான் தப்பித்தேன் என்று எனக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்த்தேன், வெளியே என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? திரும்பினேன். தோள் வலியில் கண்ணில் தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை.

ஆக, ஒருத்தி பார்க்காமல் விடச் சொன்னாள், இன்னொருத்தி பார்க்காமல் அழித்தாள். இதற்குத்தான் எட்டு வருடம்.

சான்றை நேராக ஸ்தனிஸ்லாஸ் ஃபாதருக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே. உனக்கு நல்லதாகத்தான் இருக்கும். உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை. கோபம் இல்லை. குரலைக் கேட்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. எழுது.

சுஜி


கொட்டச்சேடு,
11 ஜூலை 2025

சுஜி,

நேர்முகம் நேற்று முடிந்தது. ஃபாதரும், பாக்கியநாதன் என்ற ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உன் சான்று மேஜையில் இருந்தது. ஃபாதர் அதைப் படித்துக் காட்டினார். நான் நேர்மையானவள், உழைப்பாளி, பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கலாம் என்று பாதிப் பக்கம். பிறகு மீதிப் பாதிப் பக்கம் உன்னைப் பற்றி. “பேட்டியில் நான் சொன்னது பொய், தோல்விக்கு நான் ஒருத்தியே காரணம், என் தவறை மறைக்க அவள் மேல் பழி போட்டேன், தேவகுமாரி எந்தத் தப்பும் செய்யவில்லை” என்று எழுதியிருந்தாய்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏனுங்க, இது உங்களுக்குக் குடுத்த சான்றுங்களா, இல்ல அவங்களோட பாவசங்கீர்த்தனமுங்களா?” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. தேங்க்ஸுங்க ஃபாதர் என்று சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டியதுதான் பாக்கி.

வர முடியவில்லை. நீ திட்டுவாய், தெரியும். “கடேசில எழுதுனது சரியில்லீங்க ஃபாதர். அவிய ஒருத்தியே காரணமில்லீங்க. தடத்த அழிச்சது நாந்தானுங்க” என்றேன்.

“அப்ப வேணும்னேதான் விட்டுக்குடுத்தீங்களா?”

“அப்படியும் சொல்ல முடியாதுங்க. பந்து எங்க உளுந்துச்சுன்னு பாக்கலீங்க. அதுக்கு மேல ஆட முடியலீங்க. அதுதானுங்க நெசம்.”

பாக்கியநாதன் வாத்தியார் குறுக்கே வந்தார். “ஒரு பாயிண்டு பாக்கி இருக்கறப்ப உங்க புள்ளைங்க வந்து, ஆட முடியல டீச்சர்னு சொன்னா என்னங்க சொல்லுவீங்க?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆடு என்று சொல்வேன் என்றால் வேலை கிடைத்திருக்கும். “உக்காரச் சொல்லுவேனுங்க” என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபாதர் வாசல்வரை கூடவே வந்தார். “நெசத்தச் சொன்னீங்க, நொம்ப சந்தோசமுங்க. ஆனா கமிட்டில இதச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்கங்க” என்று மெதுவாகச் சொன்னார். அவர் மேல் வருத்தம் இல்லை. எஸ்டேட் ஆபீசுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அந்தத் தோல்வி முழுவதையும் நீ ஒருத்தியே சுமந்துகொண்டு போக, அதை வைத்து நான் ஒரு வேலை வாங்க முடியவில்லை. அது நம் இரண்டு பேருடையது. எட்டு வருடம் நீ என் மேல் போட்டாய், இப்போது மொத்தத்தையும் உன் மேல் போட்டுக்கொள்கிறாய். பாதிதான் உன்னுடையது, சுஜி. என் பாதியை எனக்குக் கொடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வா. கொட்டச்சேட்டில் இறங்கினால் நான் நிற்பேன். மெதுவாகத்தான் நடப்போம், எனக்குக் கால், உனக்குத் தோள். மதியம் கோழிக் குழம்பு வைக்கிறேன். வசந்தையும் அழைத்துவா, டென்னிஸ் தெரியாதவர் ஒருத்தர் கூட இருந்தால் நல்லது.

ராக்கெட்டைக் கொண்டுவராதே.

தேவா